எங்கள் ஒழுங்கைக்குக் கீழே நன்னீர்

எங்கள் ஒழுங்கைக்குக் கீழே, இந்தக் குறுகலான ஊர்த்தெருவுக்குக் கீழே, நல்ல தண்ணீர் இருக்கிறதாம். இதைக் குறிசொல்கிறவர் யாரும் சொல்லவில்லை. பெயருக்கு முன்னால் கலாநிதி போடுகிறவர்கள் வாசிகசாலை மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டிப் படம் போட்டுச் சொன்னார்கள். படத்தில் எங்கள் தீவு சாம்பல் நிறம். சுருவில் என்கிற ஊர்ப் பக்கமாக, எங்கள் ஒழுங்கை கிடக்கிற இடத்தில் மட்டும் வடிவான ஒரு நீலப் பொட்டு. அதற்குப் பெயர் நன்னீர்வில்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கின மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரோடு கலக்காமல் அதற்கு மேலே ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டு நிற்குமாம். அப்படி ஒன்று உலகத்தில் உண்டுதான். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர், எனக்கு அது தெரியும். ஆனால் எங்கள் ஒழுங்கையில் அது கிடையாது. இருந்திருந்தால், கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் கிணற்றில் முழுகி முழுகி என் தலைமயிர் தும்புத்தடி மாதிரி ஆகியிருக்காது.

அந்த நீலப் பொட்டை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் கிணறு சவர்க் கிணறு, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு அவியாது, தேத்தண்ணி வைத்தால் ஓர் இரும்புக் கறள் நிறம் வரும். வெங்காயத் தோட்டங்களுக்குப் போடுகிற யூரியாவும் மழையோடு இறங்கி அதற்குள்தான் சேர்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு பயம். ஆகையால் குளிக்க, தோய்க்க, மாட்டுக்கு வைக்கக் கிணறு. குடிக்க, சமைக்கப் பவுசர். தண்ணீர் விநியோகிக்கிற அரசாங்கக் கந்தோரின் பவுசர் லொறி கிழமை தவறாமல் வந்து, ஒழுங்கை முகப்பில் இருக்கிற கறுப்புத் தாங்கியை நிரப்பிவிட்டுப் போகும். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற தண்ணீர் அது. நாங்கள் பிளாஸ்டிக் கான்களில் பிடித்து வந்து குசினிக்குள் மூடிவைப்போம்.

எங்கள் வீட்டில் அந்தக் கானுக்கு முதல் உரித்துக்காரி என் மச்சாள். என் கணவரின் தமக்கை, வயது எழுபதுக்குக் கிட்ட. அவருக்குச் சிறுநீரகம் பழுது. இளம் வயதில் பவுசரும் இல்லை, தாங்கியும் இல்லை. பாதி ஆயுள் அந்தச் சவரைக் குடித்தே கழிந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் கூட்டிக்கொண்டு போனால் டொக்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: சவர்த் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது, மருந்துக் குளிசை விழுங்கக்கூட அது வேண்டாம். ஆகவே நாங்கள் முகம் கழுவ, வாய் கொப்பளிக்க அந்தக் கானைத் தொடமாட்டோம். அதைத் தொட உரிமை உள்ளவர்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் மட்டும்தான். அந்தச் சட்டத்தை எழுதினதும் மச்சாள்தான்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது என்னைவிடச் சந்தோசப்பட்டவள் இந்தத் தீவில் இருக்கமாட்டாள். பத்திரிகையில் ஒரு மூலையில் ஏதாவது புது ஆய்வு பற்றி வந்தால் வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டுகிற ஆள் நான். இது நாலு துறை சேர்ந்து செய்கிற ஆய்வு. மருத்துவர்கள் இரத்தம் எடுப்பார்கள். விவசாயத்துறைக்காரர் தோட்டத்து மண் எடுப்பார்கள். சுற்றாடல்காரர் நிலத்தடி நீரைப் பார்ப்பார்கள். இரசாயனக்காரர் கொண்டுவருவதுதான் எனக்கு மிகப் பெரிய அதிசயம். ஒரு தொட்டி, அதன் தட்டுகளில் ஊக்கி பூசியிருக்கும், வெய்யில் பட்டால் யூரியாவிலிருந்து தண்ணீருக்கு வந்த நைத்திரேற்றை உடைத்து வெறும் நைதரசன் வாயுவாகக் காற்றோடு அனுப்பிவிடும். உப்பு எடுக்க அதோடு இன்னொரு வடிகட்டியும் பூட்டுவார்கள். எங்கள் தீவில் வெய்யிலுக்குப் பஞ்சமா? முதல் தொட்டி எங்கள் ஒழுங்கைக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. நான் வகுப்பில் ஊக்கி பற்றிப் படிப்பிக்கும்போது அன்று குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

அவர்கள் எங்கள் ஒழுங்கைக்கு வந்த நாளில் நான் பள்ளிக்கூடத்தில். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் மச்சாளின் முகத்தில் திருவிழாக் களை. "நல்ல பிள்ளையள், ரீச்சர். வெய்யிலுக்குள்ள முகம் எல்லாம் கறுத்துப்போய் வந்ததுகள். தேத்தண்ணி குடுத்தனான். இரத்தமும் எடுத்தவை. ஒரு நோவும் தெரியேல்லை," என்றார். தண்ணீரும் கொண்டுபோனார்களா என்று கேட்டேன். "ஓம், போத்திலிலை வடிவா மூடி, பேர் எழுதி ஒட்டிக் கொண்டுபோனவை," என்றார். எனக்கு நிம்மதி. எங்கள் கிணற்றின் அருமை பெருமை இனிமேல் உலகத்துக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

தெரிந்த விதத்தைத்தான் வாசிகசாலை மண்டபத்தில் பார்த்தேன். கதிரைகள் நிறைந்திருந்தன. ஆய்வுத் தலைவர் உயரமானவர், மெதுவாகப் பேசுகிறவர், யாழ்ப்பாணத்துத் தமிழ்தான். எங்கள் ஒழுங்கையின் எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே தரத்தில், உப்பில்லாமல், நைத்திரேற்று இல்லாமல் இருக்கிறது என்றார். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லையாம். இப்படி ஓர் ஒற்றுமையைத் தான் எங்கேயும் கண்டதில்லையாம். அதற்கு ஒரே விளக்கம்தான் இருக்க முடியும் என்று சொல்லித்தான் அந்த நீலப் பொட்டைப் போட்டார்.

பிறகு மற்றத் துறைகள் ஒவ்வொன்றாக எழும்பின. விவசாயத்துறைக்காரர் சொன்னார், இந்தப் பகுதித் தோட்டங்களில் போடுகிற யூரியா நிலத்தடி நீருக்குப் போவதில்லை, ஆகவே பயப்படத் தேவையில்லை. பின்வரிசையில் இருந்த வெங்காயக்காரர் கை தட்டினார்கள். இரசாயனக்காரர் சொன்னார், ஊக்கித் தொட்டியை இங்கே வைப்பது வீண், தேவைப்படுகிற வேறு ஊருக்குப் போகட்டும். மருத்துவர் வந்தார். பெயர் சொல்லாமல், நல்ல தண்ணீர் குடித்தும் சிறுநீரகம் பழுதான ஒரு முதிய பெண் இந்த ஒழுங்கையில் இருக்கிறார், ஆகவே இந்த நோய்க்கு இங்கே தண்ணீர் காரணமாக இருக்க முடியாது என்றார். மச்சாள் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். "ஆர் ரீச்சர், பாவம், அந்த மனிசி?" என்று என் காதுக்குள் கேட்டார்.

விஞ்ஞானத்தை நம்புகிறவள் அல்லவா, ஒரு நிமிடம் நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கிணற்றடிக்குப் போய், அள்ளி, வாயில் வைத்தேன். துப்பினேன். அதே சவர்.

அடுத்த கிழமை பவுசர் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. தாங்கியின் அடியில் கிடந்ததைச் சரித்துச் சரித்துப் பிடித்தோம். கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். "உங்கட ஒழுங்கையிலை நல்ல தண்ணி இருக்கெண்டு ஆய்வு வந்திருக்கு, ரீச்சர். இல்லாத சனத்துக்கு எல்லோ நாங்கள் முதல் குடுக்க வேணும்? இருக்கிறது கொஞ்சப் பவுசர்தானே." அவரோடு நான் எதற்குச் சண்டை பிடிக்க? அவர் சொல்வது நியாயம். அந்த ஆய்வு சரியாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்றைக்குத்தான் மச்சாளிடம் ஒழுங்காக விசாரித்தேன். கிணற்றில் எந்த ஆழத்தில் எடுத்தார்கள், வாளியில் அள்ளியா, போத்திலைக் கயிற்றில் கட்டி இறக்கியா என்று, ரீச்சர் கேட்கிற மாதிரித்தான் கேட்டேன்.

"கிணத்தடிக்கு அவை ஏன் போகினம்?" என்றார் மச்சாள். "கிணத்துத் தண்ணி தாங்கோ அம்மா எண்டு வாசல் படலையடியிலை நிண்டு போத்திலை நீட்டினவை. நான் இருங்கோ பிள்ளையள் எண்டு கதிரையைப் போட்டிட்டு, குசினிக்குள்ள போய்க் கானிலை கிடந்த நல்ல தண்ணியை வார்த்துக் குடுத்தனான்."

"ஏன் மச்சாள்?"

"ஏனெண்டால்? எங்கட பேரை எழுதி ஒட்டி யூனிவேசிற்றிக்குக் கொண்டுபோற தண்ணி. அதுக்குள்ள சவரை வார்த்து விடுறதே? அங்கை பெரிய ஆக்கள் எல்லாம் பார்ப்பினம். இன்ன வீட்டுத் தண்ணி இப்பிடி எண்டு சொல்லமாட்டினமே?"

நான் எழும்பி, வீடு வீடாகப் போனேன். முன் வீட்டு அண்ணையும் கானிலிருந்துதான் கொடுத்திருந்தார். அதற்கடுத்த வீட்டு அக்கா வெள்ளைத் துணியால் வடித்துக் கொடுத்தவராம், அதைப் பெருமையாகச் சொன்னார். ஒருவர் கொதிக்கவைத்து ஆற்றியும் கொடுத்திருக்கிறார், படிக்கிற பிள்ளைகளுக்கு வருத்தம், காய்ச்சல் வந்துவிடக் கூடாதாம். ஒழுங்கை முழுவதும் ஒரு வீடு தவறாமல் பவுசர்த் தண்ணீர். உலகத்தில் எங்கேயும் காணாத அந்த ஒற்றுமையின் இரகசியம் இவ்வளவுதான். ஆய்வுக்காரர் கந்தோரின் தண்ணீரைப் பரிசோதித்து, நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அதனாலேயே கந்தோர் அதை நிறுத்திவிட்டது.

சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்க முதலே வயிறெரிந்தது. எங்கள் சனத்தில் எனக்குக் கோபம் இல்லையென்று சொன்னால் பொய். வீட்டு மானம், வீட்டு மானம் என்று சாகிற சனம். ஆனால் அவர்கள் வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு விதமான கேள்விக்குத்தான் பழகியிருக்கிறார்கள். படலையில் நின்று ஒருவர் தண்ணீர் கேட்டால் நல்லதைக் கொடு. அதைத்தான் செய்தார்கள். ஆராய வந்தவர்களுக்குத்தான் வேலை கிணற்றைப் பார்ப்பது. கிணறு வீட்டுப் பின்பக்கம், முருங்கைக்குப் பக்கத்தில், கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தை நடக்காமல் நாலு துறைக்கு முடிவு எழுதியிருக்கிறார்கள். ஊக்கி என்றால், இரசாயனத் தாக்கத்தில் பங்கெடுத்தும் தான் மாறாமல் வெளியே வருகிற பொருள் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிப்பேன். இவர்களும் அப்படித்தான் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து போனார்கள். நடந்ததெல்லாம் எங்களுக்குத்தான் நடந்தது.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனை செய்தேன். எந்த ரீச்சரும் செய்யக்கூடியதுதான். இரண்டு சோதனைக் குழாய். ஒன்றில் எங்கள் கிணறு, மற்றதில் பவுசர்த் தண்ணீரின் மிச்சம். இரண்டிலும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சொட்டுவிட்டேன். பவுசர்த் தண்ணீர் இலேசாக மங்கியது. கிணற்றுத் தண்ணீர் தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்தது. உப்பு என்று அது கத்துகிறது. படம் எடுத்து ஆய்வுத் தலைவருக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசியும் எடுத்தேன்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அதே மெதுவான குரலில் சொன்னார்: "ரீச்சர், உங்கட ஆர்வத்தை நான் மதிக்கிறன். ஆனால் பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குத் தரச் சான்றிதழ் இல்லை எல்லோ? எங்கட மாதிரிகள் முறைப்படி எடுத்தது. கட்டுரையும் ஏற்றுக்கொள்ளப்பட்டிட்டுது. இனி அதை மாத்த ஏலாது."

"கிணத்திலை எடுக்கேல்லை எண்டுறன்," என்றேன்.

"கிணத்துத் தண்ணி எண்டு வீட்டுக்காரர் தந்தவை. அவை ஏன் பொய் சொல்லப்போகினம்?"

முறையாம் முறை, கண்டறியாத முறை. தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். படிப்பை மதித்து வளர்ந்தவளுக்கு, படித்தவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதைப்போல அவமானம் வேறில்லை.

அதற்குப் பிறகு தண்ணீர் எங்களுக்குப் பெரும்பாடு. என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை முடிந்து, மோட்டார்சைக்கிளின் பின்னால் கானைக் கட்டிக்கொண்டு, தூரத்துக் கோயில் கிணற்றுக்குப் போய் வரிசையில் நின்று பிடித்து வருவார். கிடைப்பது மச்சாளுக்கு மட்டும்தான் காணும், எங்களுக்குப் போதாது. நாங்கள் இருவரும் சவரைக் கொதிக்கவைத்துக் குடித்தோம். கோயில் கிணற்றிலும் சில நாள் அள்ளவிடமாட்டார்கள். அப்படிப்பட்ட நாளுக்கு அடுத்த நாள் கானில் அடித்தண்ணீர்தான் கிடக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆய்வுத் தலைவரே ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினார், படம் எடுக்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு. வெளிநாட்டில் ஒரு மாநாடாம். நன்னீர்வில்லை பற்றிப் பேசப்போகிறாராம். அதற்குக் கிணற்றோடு ஒரு படம் வேண்டுமாம். மாதிரி எடுக்க வராத இடத்துக்குப் படம் எடுக்க வந்தார். நான் முன்னால் நடந்து கிணற்றடியைக் காட்டினேன். கிணற்றுக் கட்டின்மேல் கை வைத்து, சிரித்து, இரண்டு மூன்று விதமாக நின்றார்.

படம் எடுத்து முடிய, வாளியை விட்டு அள்ளினேன். ஒரு கிளாசை அதற்குள் விட்டு நிரப்பி நீட்டினேன். "குடியுங்கோ சேர். நீங்கள் கண்டுபிடிச்ச தண்ணி."

"இப்பதான் வானுக்குள்ள குடிச்சனான்," என்றார்.

"ஒரு மிடறு. சான்றிதழ் எல்லாம் வேண்டாம். உங்கட நாக்குக் காணும்."

அவர் கிளாசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கவில்லை. என் கை நீட்டினபடியே நின்றது. நான் இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அந்த மனிதர் வாங்கி வாயில் வைத்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அதற்குள் மச்சாள் வந்துவிட்டார். என் கையில் இருந்த கிளாசைப் பறித்து நிலத்தில் ஊற்றி, வெறும் கிளாசைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தார். "வந்த ஆக்களுக்குக் குடுக்கிற தண்ணியே இது? நீரும் ஒரு ரீச்சர்," என்று என்னை ஏசிவிட்டு, மற்றக் கையில் கொண்டுவந்த கிளாசை அவரிடம் இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். "குடியுங்கோ தம்பி, வெய்யிலுக்குள்ள நிக்கிறியள்."

வயது போன மனிசி நீட்டினால் யார் மறுப்பது? வாங்கி ஒரு மிடறு குடித்தார். முகம் தெளிந்தது. கடைசித் துளி வரைக்கும் குடித்தார்.

"இதைத்தானே ரீச்சர் நாங்கள் எழுதினது," என்றார். "அருமையான தண்ணி."

"அது கிணத்துத் தண்ணி இல்லை! மச்சாள், சொல்லுங்கோ அவருக்கு!" நான் கத்திவிட்டேன்.

அவர் மச்சாளிடம் திரும்பி, பணிவாகத்தான் கேட்டார்: "இது உங்கட கிணத்துத் தண்ணிதானே, அம்மா?"

மச்சாள் என்னைப் பார்த்தார். குடித்த கிளாஸ் இன்னும் வந்தவரின் கையில்தான் இருந்தது. ஒருவர் குடித்து முடித்த கையோடு, நீ குடித்தது ஒரு வருத்தக்காரியின் கடைசித் தண்ணீர் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல மச்சாளுக்கு இந்தப் பிறவியில் வராது. "ஓம் தம்பி," என்றார்.

வான் ஒழுங்கையைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. நான் குசினிக்குள் ஓடிப்போய்க் கானைத் தூக்கிப் பார்த்தேன். இறகு மாதிரி வந்தது கைக்கு. திரும்பி வந்தால், மச்சாள் மத்தியானக் குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டடியில் நிற்கிறார்.

"பொறுங்கோ மச்சாள். பின்னேரம் இவர் கொண்டுவந்திடுவார்."

"மத்தியானக் குளிசையை மத்தியானம் போடவேணும் எண்டெல்லோ டொக்டர் சொன்னவர்," என்று சொல்லிக்கொண்டு, அந்த மனிதர் வாயில் வைக்காத வாளித் தண்ணீரில் கிளாசை விட்டு அள்ளி, குளிசையை விழுங்கினார்.